வேட்கோச் சிறாரும் தச்சன் சிறாரும்

பழந்தமிழ்ச் செய்யுட்களில் இளையோர் செய்யும் தொழில் யாது என்று வினவினால், தினைப்புனங் காவலை எடுத்துக்காட்டி அமைதல் நம் வகுப்பறைகளில் வழக்கமாகிவிட்டது. தட்டையும் தழலும் குளிரும் கொண்டு கிளியோப்பும் மகளிரைக் குறிஞ்சிப் பாடல்கள் பலபடப் பேசுகின்றன என்பது உண்மையே. ஆயினும் ஆண்டுக் காவல், தலைவன் வருகைக்கு ஓர் இடமாகவே அமைகின்றது. தொழில் என்ற முறையில் அதனைப் புலவர் நோக்கினாரல்லர். பெற்றோர் கைத்தொழிலிற் பிள்ளைகள் பங்குகொள்ளும் நிலையைத் தொழிலாகவே வைத்துக் கூறும் இடங்கள் மிகச் சில. அவற்றுள் மூன்றினை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். மூன்றிலும் 'சிறார்' என்னும் சொல் பயின்று வருகின்றது. அச்சொல்லின் பொருளைத் துணிதல் வெறும் சொல்லாய்வு அன்று என்பது பின்னர் விளங்கும்.

முதலாவது, சோழன் நலங்கிள்ளியைக் கோவூர் கிழார் பாடிய புறநானூற்று 32ஆம் பாட்டு. சுற்றத்தாரின் அடுகலம் நிறைதற்பொருட்டு வஞ்சியையும் தருவான், விறலியர்க்கு மதுரையையும் தருவான் என்று மன்னன் கொடையைப் புகழ்ந்த புலவர், அவன் நாடு அவன் கருதியவாறெல்லாம் அமையும் என்பதற்கு, வேட்கோச் சிறார் சக்கரத்தில் வைத்த பசுமண் திரளை உவமை கூறுகின்றார். வேட்கோ என்பான் குயவன். இவ்வுவமையைப் பாராட்டுவோர் பலரும் மண்ணின் குழைவையே பாராட்டுவர். யாம் வினவுவது வேறு. குயவன் வைத்த மண் என்றாலே உவமை நிரம்புமன்றோ? சிறாரை ஏன் கொணர்ந்தார்?

இதற்கு விடை இருவகையாகக் கூறலாம். சிறார் என்பது அகவையைக் குறியாது, கைத்தொழிலாளரைத் தாழ்த்திக் கூறும் வழக்கு என்பது ஒன்று. இதற்குத் துணையாக ஒரு சான்றும் காட்டக் கூடும். 'சிற்றாள்' என்னும் சொல் இன்று 'சித்தாள்' எனத் திரிந்து, கட்டட வேலையிற் கல்லும் மண்ணும் சுமக்கும் துணையாளைக் குறிக்கின்றது. ஐம்பது அகவை கடந்த மூதாட்டியும் அவ்விடத்துச் சித்தாளே. சிறுமை குறித்த சொல் அகவையை விட்டுத் தரத்தைப் பற்றிக்கொள்ளுதல் மொழியில் நிகழாததன்று. தொடரும் தொகைநிலையாதலின், குயவனுடைய சிறார் என்றும் குயவராகிய சிறார் என்றும் விரிக்க இடந்தருகின்றது.

எனினும், அதியமான் நெடுமான் அஞ்சியின் வாயிலோனை நோக்கி ஔவையார் பாடிய 206ஆம் பாட்டு இவ்விளக்கத்திற்கு இடையூறாக நிற்கின்றது. பரிசில் நீட்டித்த வாயிலில் நின்று சினந்த ஔவையார், தம் போன்ற கலைஞர்க்கு எத்திசைச் செல்லினும் உணவு உண்டு என்கின்றார். அதற்கு அவர் காட்டும் உவமை, மரந்தடியும் தச்சன் ஒருவனுடைய கைவல் சிறார் மழுவொடு காட்டிற் புகுந்தாற்போல என்பது. ஈண்டுத் தச்சன் வேறு, சிறார் வேறு. தச்சன் ஒருமையிலும் சிறார் பன்மையிலும் நிற்றலின் இருபெயரொட்டாக்க வழியில்லை. அவர் அவனுடைய பிள்ளைகளே; தொழில் பயின்ற இளையோரே. ஒரே தொகை நூலில், கைத்தொழில் பற்றிய உவமையில், இச்சொல் இவ்வாறு நிற்கும்போது, 32ஆம் பாட்டில் மட்டும் அகவைப் பொருளை நீக்குதற்குத் தக்க காரணம் வேண்டும். அத்தகைய காரணம் ஒன்றும் யாம் காணவில்லை. ஆகவே வேட்கோச் சிறார் என்பார் குயவன் மக்களே என்று கொள்கின்றோம்.

அங்ஙனம் கொள்ளின் கோவூர் கிழாரின் உவமையும் சிறக்கின்றது. ஓர் அடுகலத்துக்கு ஒரு தலைநகரைக் கொடுப்பவனின் கொடை, அளவு நோக்காத கொடை. முதிர்ந்த வினைஞனின் கணக்கு அதில் இல்லை. மனம்போனவாறு மண்ணைப் பிடிக்கும் சிறார் கையே அதற்கு ஏற்ற உவமையாகும். பாட்டின் தொடக்கத்து அடுகலமும் இறுதியிற் பசுமண்ணும் ஒன்றையொன்று நோக்கி நிற்றல் கருதத்தக்கது. ஆனால் மற்றொன்றும் உண்டு. சிறார்க்குப் புலவர் கூறிய வினை மண்ணை 'வைத்தல்', வனைதல் அன்று. பிசைந்த மண்ணை உருட்டிச் சக்கரத்தில் வைத்தல் இன்றும் குயவர் மனைகளில் துணைநிற்பாரின் வேலை. கலத்தின் வடிவைக் கருதுவோன் தந்தை. உவமையோ அக்கருத்தைச் சிறார்க்கு உரியதாக்குகின்றது. மெய்யாகத் தொழிற்களத்தில் தாம் பெறாத உரிமையை அவர் செய்யுளிற் பெறுகின்றனர்.

இதனோடு, ஐயூர் முடவனார் பாடிய 228ஆம் பாட்டை ஒப்புநோக்குதல் தகும். கிள்ளிவளவன் இறந்தபின், அவனைக் கவிக்கும் பெருந்தாழி வனைய நீ வல்லையோ எனக் குயவனை நோக்கி இரங்கும் பாட்டு அது. அங்கே சூளை வருகின்றது. இருள் செறிந்தாற்போன்ற புகை வானத்தில் எழுகின்றது. 32ஆம் பாட்டில் மண்ணுக்குக் கூறிய 'குரூஉத்திரள்' என்னும் அடைமொழி, 228இல் புகைக்குக் கூறப்படுகின்றது. புலவர் இருவர், பாட்டும் வேறு. ஒருவர் சொல்லை மற்றவர் அறிந்து எடுத்தாண்டார் என்று துணிதற்கில்லை. ஆயினும் படிப்போர் மனத்தில் இரண்டும் ஒரு தொழிலின் இரு முனைகளாக நிற்கின்றன. சக்கரத்தின் அருகே சிறார்; சூளையின் அருகே சிறார் இலர். அங்கு நிற்பவன் 'கோ' என விளிக்கப்பெறும் முதிர்ந்த வினைஞன். எரியையும் புகையையும் குழந்தையோடு சேர்த்துக் காணச் செய்யுள் விரும்பவில்லை. அது புலவரின் இரக்கமா, அன்றிப் பார்வையின் குறையா என்பதே நம் வினா.

இவ்வினாவை நூலகத்துள் இருந்துகொண்டே முடித்துவிடுதல் இயலாது. புதுச்சேரியை அடுத்த வில்லியனூர், சங்கராபரணி ஆற்றை ஒட்டிய பழைய ஊர். அதன் சுடுமண் வேலைப்பாடு புவிசார் குறியீடு பெற்றது. அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நடத்திய அகழாய்வு வெளிக்கொணர்ந்த மட்கலங்களை நோக்க, அப்பகுதியில் மண்வினை எத்துணைப் பழமையானது என்பது புலனாகும். மண் தோண்டுதல், கல் நீக்கி மிதித்தல், வனைதல், தட்டிச் செம்மை செய்தல், உலர்த்துதல், சூளை அடுக்கி எரித்தல், ஆறியபின் பிரித்தல் என இத்தொழில் பல படிகளையுடையது. இவற்றுள் சில பிள்ளைகள் விளையாட்டாகவே செய்யத்தக்கன. உலர்ந்த மண்ணை இடித்துச் சலிக்கையில் எழும் தூசு அத்தகையதன்று. அதிலுள்ள சிலிக்கா நுரையீரலிற் படிந்து, ஆண்டுகள் பல கழிந்தபின் மாறாநோய் விளைக்கும் என்பது மருத்துவம் கண்ட உண்மை. சூளையின் வெம்மையும் புகையும் சொல்லவேண்டா. செங்கற்சூளையாயின் சுமையும் சேர்கின்றது. 'குயவன் பிள்ளை அப்பனுக்கு உதவுகின்றான்' என்னும் ஒரு தொடர், மண்ணுருண்டை வைத்தலையும் சூளை பிரித்தலையும் ஒருங்கே மூடிவிடுகின்றது.

சட்டத்தின் மொழியிலும் இதே தொடர் உண்டு. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தார் துணைகொண்டு நடத்தும் பட்டறைகளைத் தன் தடையினின்று விலக்கிற்று. 2016இல் வந்த திருத்தம், பதினான்கு அகவைக்கு உட்பட்டாரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று கூறியபோதும், ஆபத்தானவை என அட்டவணையிட்ட தொழில்கள் நீங்கலாக, பள்ளி நேரம் கழிந்தபின்னும் விடுமுறையிலும் குடும்பத்திற்கு 'உதவுதல்' கூடும் என்றது. குடும்பம் என்பதனுள் பெற்றோரின் உடன்பிறந்தாரும் அடங்குவர். மாமன் பட்டறையில் மருகன் செய்வது உதவியா, ஊழியமா என்பதனை வரையறுக்கும் பொறுப்பு இவ்வொரு சொல்லின்மேல் வைக்கப்பட்டுள்ளது. சொற்பொருள் ஆராய்வார் இதனைத் தமக்கு அயலானதென்று ஒதுக்குதல் முறையன்று.

ஔவையாரின் பாட்டை மறுபக்கத்தார் சான்றாக எடுத்தாளலாம் என்பதையும் மறைக்கவேண்டா. மழுவேந்திக் காட்டிற் புகும் சிறாரை ஔவையார் இரங்கிக் கூறவில்லை, பெருமிதத்தோடு கூறுகின்றார். அவர் 'கைவல்' சிறார். இளமையிலேயே கைவந்த தொழில், வாயில் அடைத்த செல்வனை மதியாது செல்லும் உரிமையைத் தருகின்றது. குலத்தொழிற் பயிற்சியைப் போற்றுவார்க்கு இதனினும் வலிய சான்று பழந்தமிழில் இல்லை. 1953இல் சென்னை மாநிலத்தில் இராசாசி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டமும் ஏறத்தாழ இவ்வெண்ணத்தையே அடிப்படையாகக் கொண்டது: பள்ளி நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், எஞ்சிய பொழுது பெற்றோர் தொழில். குலக்கல்வித் திட்டம் என்று பெயர்பெற்று எதிர்ப்புக்குள்ளான அது, 1954இல் காமராசர் முதலமைச்சரானபின் கைவிடப்பட்டது. புதுச்சேரி அவ்வாண்டு நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையின் அத்திட்டம் வில்லியனூரையோ பாகூரையோ எட்டவில்லை. பாகூருக்கோ வேறொரு மரபு உண்டு. அவ்வூரில் இருந்த வித்தியாத்தானத்துக்கு மூன்று ஊர்கள் வழங்கப்பட்டமையைப் பல்லவன் நிருபதுங்கனின் செப்பேடு கூறுகின்றது. அக்கல்விநிலையில் குயவர் மக்களும் தச்சர் மக்களும் பயின்றனர் என்று கொள்ளற்க. அத்தகைய கொடைகள் மறையோர் கல்விக்கு அமைந்தவை.

ஆயின் ஔவையாரை இத்திட்டத்தின் பக்கம் நிறுத்துதல் பொருந்துமா? பொருந்தாது என்பதே எம் துணிபு. அவர் உவமையின் உயிர் 'எத்திசைச் செல்லினும்' என்னும் கருத்தில் உள்ளது. தச்சன் சிறார் தாம் விரும்பிய திசையிற் செல்வோர். தந்தையின் பட்டறையில் கட்டுண்டார் அல்லர். கற்ற கை செல்லும் வழியைத் தானே தெரிந்துகொள்ளும் என்பதன்றி, தந்தை தொழிலே மகன் தொழில் என்பது அப்பாட்டில் இல்லை. மேலும், அதே ஔவையார் 87ஆம் பாட்டில், நாள்தோறும் எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒரு திங்கள் முயன்று செய்த ஒரு சக்கரத்தைக் கூறுகின்றார். கைவன்மை நெடிய காலத்தின் பயன் என்பதை அறிந்த புலவர் அவர். சிறாரின் மழுவைப் பாடியமையால் இளமையை விலையாகக் கேட்டார் என்பது பிழையான வாதம்.

மூன்றாவது இடம் பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. மருதநிலத்து உழவரின் வளமனையில் புதல்வர் சிறுதேர் உருட்டி, நடைதளர்ந்து, செவிலியர் அணைக்கப் பாலுண்டு துயில்கின்றனர். அத்தேரைக் கூறுமிடத்துத் தச்சச் சிறார் வருகின்றனர். அவர் விரும்புமாறு செய்த தேர் என்றும், அவரே பிறர் விரும்பச் செய்த தேர் என்றும் இருவகையாக விரிக்கலாம். முன்னதே இயல்பு என்பர். மரவேலையிற் பழகிய பிள்ளைகளும் ஏங்கும் அழகு என்பது அதன் நயம். எவ்வாறு கொள்ளினும் தேரை உருட்டுவோன் தச்சன் மகன் அல்லன். பிற்காலப் பிள்ளைத்தமிழ் சிறுபறை, சிற்றில், சிறுதேர் என்று இளமையைப் பருவங்களாக வகுத்தபோது, தேர் உருட்டும் குழந்தை தெய்வமாயிற்று, மன்னனாயிற்று. தேரின் அச்சு செய்த வீட்டுக் குழந்தைக்கு அவ்விலக்கியத்தில் பருவம் வகுக்கப்படவில்லை. சிறுபாணாற்றுப்படை ஒன்றே சற்று வேறுபடுகின்றது. அங்கே உமணர் புதல்வர் உப்பு வண்டியின் வழியிடையே, உடன்வளர்ந்த மந்தியோடு கிலுகிலி ஆடுகின்றனர். உழைக்கும் குடியின் பிள்ளை விளையாடக் காணும் அரிய இடம் அது.

தொல்காப்பியம் தொழிலைச் 'செய்தி' எனக் கருப்பொருளுள் வைத்தமை இவ்வகைப் பார்வைக்கு ஒரு காரணமாகலாம். மரமும் புள்ளும் போலத் தொழிலும் நிலத்துக்கு உரியதாயின், அதனைச் செய்பவனின் நோவு உரிப்பொருளாதல் அரிது. அந்நிலை மாறியது உரைநடைப் புனைகதையில். இராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' தூத்துக்குடி உப்பளத்துக்குப் பொன்னாச்சியோடு தம்பி பச்சையையும் கொணர்ந்தது. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் சிறுவரையே கதைமாந்தராக்கியது. இவை பெரும்பேறு. ஆனால் இவற்றில் வேலைவாங்குவோன் அயலான், முதலாளி, பண்ணையார். தந்தையே வேலைவாங்குவோனாக, அன்பும் கூலியும் ஒரே கையினின்று வருவனவாக அமையும் நிலை இதனினும் கடினமான பொருள். அங்குக் குற்றவாளியைச் சுட்டுதல் எளிதன்று. தந்தையும் அதே தூசையே மூச்சில் வாங்குகின்றான்.

முதுகலை மாணாக்கர்க்கு இப்பாட்டுக்களைக் கற்பிக்குமிடத்து, 32ஆம் பாட்டின் வேட்கோச் சிறாரைக் 'குயவர்' என்று பொழிப்புரைத்துக் கடந்துவிடுதல் போதாது. குயவன் மக்கள் என்று அகவை தோன்ற உரைத்தலும், 206, 228 ஆகிய பாட்டுக்களை உடன்வைத்து ஓதுதலும் வேண்டும். பெரும்பாணாற்றுப்படைத் தொடரின் இருவகை விரிவும் குறிப்புரையில் இடம்பெறுதல் நலம்.