காம்ப்பெல் கற்றுக்கொடுக்காத பாடம்

எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி அவர்களுடைய வரவு செலவு. எந்தக் கதையை யார் வாங்கினார்கள், சொல்லுக்கு எத்தனை சென்ட் கொடுத்தார்கள், உரிமை யார் கையில் இருந்தது என்று பார்த்தால், பாராட்டுரைகளில் கிடைக்காத விஷயங்கள் கிடைக்கும். அந்த வகையில் ஐசக் அசிமோவ் ஒரு புதையல். மனுஷன் எல்லாவற்றையும் டைரியில் எழுதி வைத்திருக்கிறார். 1972இல் வந்த 'தி எர்லி அசிமோவ்' அவருடைய முதல் 11 ஆண்டுக் கதைகளின் தொகுப்பு. கதைகளைவிட, அவற்றுக்கு இடையே அவர் எழுதியிருக்கும் குறிப்புகள்தான் அந்தப் புத்தகத்தின் உயிர்.

புத்தகம் ஜான் டபிள்யூ. காம்ப்பெலின் நினைவுக்குச் சமர்ப்பணம். காம்ப்பெல் 'அஸ்டவுண்டிங்' அறிவியல் புனைகதை இதழின் ஆசிரியர். 1971இல் இறந்தார். அசிமோவை உருவாக்கியவர் காம்ப்பெல்தான் என்பது எல்லோரும் சொல்லும் கதை. அசிமோவும் அதைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொன்னார். ஆனால் அதே புத்தகத்தில் இருக்கும் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. காம்ப்பெல் அவரை நல்ல எழுத்தாளர் ஆக்கினார். எழுத்தை வைத்துப் பிழைக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

முதலில் காம்ப்பெலுக்குச் சேர வேண்டிய பெருமையைக் கொடுத்துவிடலாம். 1938 ஜூன் 21 அன்று அசிமோவ் தன் முதல் கதையை எடுத்துக்கொண்டு நேராக அவர் அலுவலகத்துக்கே போனார். இவருக்கு வயது 18, அவருக்கு 28. முன்பின் தெரியாத பையனோடு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார் காம்ப்பெல். கதையை நிராகரித்தார், ஆனால் காரணம் எழுதி அனுப்பினார். அடுத்தடுத்த கதைகளுக்கும் அப்படித்தான். நம்ம ஊர் மென்பொருள் ஆட்களுக்குப் புரியும்படி சொன்னால், இலவசமாகத் தொடர்ந்து கிடைத்த கோட் ரிவ்யூ. ரோபாட்டுகளின் மூன்று விதிகளை வாக்கியமாகச் சொன்னவர் காம்ப்பெல் என்கிறார் அசிமோவ். அவை உன் கதைகளிலேயே இருந்தன, நான் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான் என்றாராம் காம்ப்பெல். 1941இல் வந்த 'நைட்ஃபால்' கதைக்கான யோசனையும் காம்ப்பெல் கொடுத்ததே. நல்ல யோசனைகளைத் தானே வைத்துக்கொள்ளாமல் இளைஞர்களுக்கு அள்ளிக் கொடுத்த ஆசிரியர் அவர். இதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

இப்போது பணத்துக்கு வருவோம். அசிமோவின் முதல் வருமானம் காம்ப்பெலிடமிருந்து வரவில்லை. காம்ப்பெல் வேண்டாம் என்ற ஒரு கதையை 1938 அக்டோபரில் 'அமேசிங்' இதழ் 64 டாலருக்கு வாங்கியது. முதல் ரோபாட் கதையான 'ராபி'யையும் காம்ப்பெல் நிராகரித்தார். அதை 1940இல் வேறு தலைப்பில் வெளியிட்டவர் ஃப்ரெடெரிக் போல். அப்போது அவருக்கு 20 வயதுதான். அசிமோவின் நண்பர், குறைந்த பட்ஜெட்டில் ஓடிய ஒரு இதழுக்கு ஆசிரியர்.

'நைட்ஃபால்' விஷயம் இன்னும் சுவாரசியம். சொல்லுக்கு ஒரு சென்ட் கணக்கில் 120 டாலர் வர வேண்டிய கதைக்கு 150 டாலர் காசோலை வந்தது. அசிமோவ் என்ன செய்தார் தெரியுமா? தப்பாக அதிகம் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்து காம்ப்பெலுக்கு போன் போட்டார். கதை நன்றாக இருந்ததால் போனஸ் என்று பதில் வந்தது. இதைப் பொதுவாக அசிமோவின் நேர்மைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நேர்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று வருஷமாக ஒரு குருவிடம் பாடம் கேட்ட மாணவனுக்குத் தன் சரக்கின் சந்தை விலை தெரியவில்லை என்பதும் அதில் இருக்கிறது. அந்தப் பாடத்தை காம்ப்பெல் எப்படி நடத்துவார்? அவரே வாங்குபவர். விலை சொல்லிக்கொடுத்தால் அவருடைய பட்ஜெட்டில்தான் இடிக்கும். அவர் கெட்டவர் என்று இதற்கு அர்த்தமில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலி அப்படி.

11 ஆண்டுகளில் அசிமோவ் எழுத்தில் சம்பாதித்த மொத்தத் தொகை 8,000 டாலரைக்கூடத் தொடவில்லை. ஆண்டுக்குச் சராசரி 700 டாலர் சொச்சம். அறிவியல் புனைகதை உலகில் பெயர் பெற்ற ஒருவரின் வருமானம் இது! 1949இல் பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் ஆசிரியர் வேலைக்குப் போனார். குடும்பம் நடந்தது அந்தச் சம்பளத்தில்.

நிலைமையை மாற்றியவர் மறுபடியும் போல். ஒரு இதழ் எழுதச் சொல்லிக் கேட்டுவிட்டு நிராகரித்த குறுநாவல் ஒன்று அசிமோவின் மேஜையில் கிடந்தது. இதழ்களை விடு, புத்தகமாகப் போடலாம் என்று டபுள்டே பதிப்பகத்துக்குக் கொண்டுபோனார் போல். அங்கே வால்டர் பிராட்பரி என்ற எடிட்டர் (ரே பிராட்பரி இல்லை, இவர் வேறு) அதை 40,000 சொற்களிலிருந்து 70,000 சொற்களுக்கு விரிக்கச் சொன்னார். 1950 ஜனவரியில் 'பெபிள் இன் தி ஸ்கை' வெளிவந்தது. அசிமோவின் முதல் புத்தகம். இதழில் ஒரு கதை ஒரு தடவைதான் விலைபோகும். புத்தகம் ராயல்டி கொடுத்துக்கொண்டே இருக்கும். இந்த வித்தியாசம்தான் பிற்பாடு, 1958இல், முழுநேரக் கல்லூரிப் பணியை விட்டுவிட்டு எழுத்தையே நம்பி உட்கார அவருக்குத் தைரியம் கொடுத்தது என்பது என் வாசிப்பு.

சந்தை மட்டுமல்ல, எழுத்தும் சம்பந்தப்பட்டது. வேற்றுக்கிரகவாசிகளைவிட மனிதன்தான் உயர்ந்தவன் என்பதில் காம்ப்பெல் பிடிவாதமாக இருந்தார். அதோடு மோதவும் மனமில்லை, ஒத்துப்போகவும் மனமில்லை. அதனால் அசிமோவ் மனிதர்கள் மட்டுமே வாழும் விண்மீன் மண்டலத்தைப் படைத்தார். 'ஃபவுண்டேஷன்' வரிசையில் வேற்றுக்கிரகவாசிகள் இல்லாததற்குப் பின்னால் இருப்பது இதுதான். இலக்கிய முடிவு மாதிரி தெரிகிறது. தோண்டிப் பார்த்தால் ஒரே வாடிக்கையாளரை நம்பிய வியாபாரியின் சமாளிப்பு. நல்ல புத்தகம் வந்தது என்பது நம் அதிர்ஷ்டம்.

1950 மே மாதம் காம்ப்பெல் தன் இதழில் எல். ரான் ஹப்பர்டின் டயனெடிக்ஸ் கட்டுரையை வெளியிட்டு, அதன் தீவிர ஆதரவாளர் ஆனார். அசிமோவுக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. அதே வருஷம் அவர் கையில் டபுள்டே இருந்தது, புதிதாக வந்த 'கேலக்ஸி' இதழும் இருந்தது. அதனால் நன்றியுணர்வு குறையாமல் தள்ளி நிற்க முடிந்தது. காம்ப்பெலின் இன்னொரு நட்சத்திரமான ஏ.ஈ. வான் வோக்ட் டயனெடிக்ஸ் வேலையிலேயே இறங்கினார். 1950களில் அவர் புதிதாக எழுதியது மிகக் குறைவு. இருவர் நிலைக்கும் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் இன்னொரு கதவு திறந்திருந்தது என்பதை அசிமோவின் கணக்கிலிருந்து கழிக்க முடியாது.

வேறு கதவு என்றாலே நல்ல கதவு என்றும் இல்லை. 'ஃபவுண்டேஷன்' புத்தகங்களை முதலில் போட்ட நோம் பிரஸ் ராயல்டியை ஒழுங்காகத் தரவில்லை. பத்து வருஷம் போல் கழித்து உரிமை டபுள்டேக்கு மாறிய பிறகுதான் அவை அவருக்குச் சரியாகச் சம்பாதித்துக் கொடுத்தன. 1981இல் அந்த வரிசையில் புது நாவல் எழுதச் சொல்லி டபுள்டே 50,000 டாலர் முன்பணம் கொடுத்தது. பழைய பாணியில் இதழுக்கு விற்றதோடு விட்டிருந்தால் இது நடந்திருக்காது.

இதெல்லாம் எனக்கு ஏன் முக்கியம்? எங்கள் துறையில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மேனேஜரையே மென்டராகக் கொடுப்பது வழக்கம். பல மேனேஜர்கள் உண்மையிலேயே நல்லவர்கள், மணிக்கணக்கில் சொல்லிக்கொடுப்பார்கள். ஆனால் உன் சம்பளம் சந்தையில் எவ்வளவு குறைவு, இந்த டீமை விட்டு எப்போது கிளம்ப வேண்டும் என்ற இரண்டு விஷயங்களை அவர்களால் சொல்ல முடியாது. அதற்கு ஒரு போல் வேண்டும். பெரும்பாலும் அவர் சம வயதுக்காரராக, கொஞ்சம் விவரமான நண்பராக இருப்பார். அவருக்கு யாரும் புத்தகம் சமர்ப்பிப்பதில்லை.

அசிமோவின் நன்றியில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது யாருக்கெல்லாம் பிரிந்து போக வேண்டும் என்பதில்தான் பேச்சு. 'தி எர்லி அசிமோவ்' கிடைத்தால் படியுங்கள். கதைகளைத் தாண்டிப் போனாலும் பரவாயில்லை, பணம் பற்றிய வரிகளைத் தாண்டிவிடாதீர்கள்.