சிரிப்பும் வரலாறும்

பி.பி.சி. சிறுவர் தொலைக்காட்சியில் 2009-இல் தொடங்கிய ‘ஹாரிபிள் ஹிஸ்டரீஸ்’ நகைச்சுவைத் தொடருக்கு வரலாற்று ஆலோசகராக இருந்தவர் கிரெக் ஜென்னர். வேடிக்கையில் பிழை நுழையாமல் பார்ப்பது அவர் பணி. 2015-இல் வெளிவந்த அவரது ‘எ மில்லியன் இயர்ஸ் இன் எ டே’ நூல், ஒரு சனிக்கிழமையில் விழிப்பது முதல் உறங்குவது வரையுள்ள அன்றாடச் செயல்களின் வரலாற்றைக் கூறுகிறது. நல்ல உத்திதான், ஆனால் பல்லாயிரம் ஆண்டுகளை நூல் தாவித்தாவிக் கடக்கும்போது காலவரிசை நழுவிவிடுகிறது.

2019-இல் தொடங்கிய ‘யூ ஆர் டெட் டு மீ’ ஒலித்தொடர் இதனினும் சிறந்தது. ஒரு நகைச்சுவைக் கலைஞரும் ஒரு வரலாற்றறிஞரும் ஜென்னருடன் உரையாடுவர். இறுதியில் இரண்டு நிமிடம் மற்ற இருவரும் வாய் திறவார். அறிஞர் மட்டுமே பேசுவார். கேலியில் விடுபட்ட சிக்கல்களுக்கு அங்கே இடமுண்டு. வகுப்பில் உராய்வைப் புறக்கணித்துக் கணக்குப் போடும் நான், பிறகு அதைச் சேர்த்துச் சொல்வதுண்டா என்று எண்ணிப் பார்த்தேன்.