தண்டோராவும் திரையறிவிப்பும்

ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுமா, ஓடாதா என்பது காவிரியின் நீர்வரத்தைப் பொறுத்தது. விநாடிக்கு இத்தனை கன அடி என்று அதனைப் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. தருமபுரி மாவட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் கற்கும் மாணவர் ஒருவர், அந்த எண் உயர்ந்ததும் தம் கணிப்பொறித் திரையின் மூலையில் அறிவிப்பு ஒன்று தோன்றும்படி நிரல் எழுதுவதாகக் கொள்வோம். லினக்ஸில் இதற்கு ஒரே வரி போதும்: நோட்டிஃபை-செண்ட் என்னும் கட்டளை, அதன்பின் தலைப்பு, அதன்பின் செய்தி. இத்துணை எளிய கருவி வேறு இல்லை எனலாம். ஆனால் வாசகரே, நாம் அதை நம்பலாமா?

இக்கட்டளை தானே எதையும் திரையில் வரைவதில்லை. டி-பஸ் என்ற தூதுவன் மூலம் செய்தியை வேறொரு நிரலிடம் ஒப்படைக்கிறது. எப்படிக் காட்டுவது, எப்போது மறைப்பது என்பதெல்லாம் அந்த நிரலின் விருப்பம். 2009இல் வெளிவந்த உபுண்டு 9.04இன் அறிவிப்புக் கட்டத்தில் பொத்தான் கிடையாது, இத்தனை நொடி நிற்க வேண்டும் என்று நாம் கேட்டாலும் அது செவிசாய்க்காது, தானே மறைந்துவிடும். வேலை செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதே அதன் நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் அந்நேரம் தண்ணீர் குடிக்க எழுந்து போனவர் கதி? 2017இல் உபுண்டு க்னோம் திரைக்கு மாறியபின், தவறவிட்டவற்றைக் கடிகாரத்தின் கீழுள்ள பட்டியலில் காண முடிந்தது. இது பாராட்டத்தக்க திருத்தம்.

அவசரத்தைக் குறிக்க மூன்று படிகள் உண்டு: குறைவு, இயல்பு, நெருக்கடி. க்னோமில் நெருக்கடி அறிவிப்பு நாம் நீக்கும்வரை நிற்கும். ஆனால் கோப்பு நகலானதற்கும் நெருக்கடி, பாட்டு மாறியதற்கும் நெருக்கடி என்று எழுதினால், வெள்ளச் செய்தியை யார் திரும்பிப் பார்ப்பார்?

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. நேரம் குறித்து நிரல்களை இயக்கும் கிரானிடம் இதே வரியைக் கொடுத்தால், பயனரின் திரைக்குச் செல்லும் வழி தெரியாமல் செய்தி பெரும்பாலும் வந்து சேராது. திரையைப் பார்ப்பவரோ, அறிவிப்பு இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை என்று எண்ணிக்கொள்வார்!

தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடுமாறு 2022இல் தமிழகத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். ஒலிபெருக்கி உள்ள காலத்தில் ஒரு மனிதரைப் பறையுடன் தெருத்தெருவாக நடக்கவிடுவது தகாது; அம்முடிவு சரியே. ஆயினும் அம்முறையில் ஒரு பாடம் உண்டு: முதலில் ஒலி, பின்பு செய்தி, அடுத்த தெருவில் மீண்டும் அதே செய்தி. திரையறிவிப்போ ஒரே மூலையில் ஒரே முறை முணுமுணுக்கிறது.

ஆகவே, சிறு வேலைகளுக்கு இக்கருவி சிறந்தது. உயிர் சம்பந்தப்பட்டவற்றுக்கு அது மட்டும் போதாது. ஒலியும் வேண்டும், கோப்பில் பதிவும் வேண்டும், ஒருவர் ‘பார்த்தேன்’ என்று அழுத்தும்வரை மீண்டும் கூறவும் வேண்டும். உங்கள் நிரலை ஓடவிட்டுப் பத்து நிமிடம் வெளியே சென்று வாருங்கள். நடந்தது என்னவென்று திரும்பியதும் தெரிகிறதா? அதுவே தேர்வு.