சேனல் 16இல் யார் குரல் எட்டுகிறது?

காசிமேட்டிலிருந்து கிளம்பும் லாஞ்சும் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வரும் சரக்குக் கப்பலும் ஒரே அலைவரிசையில் காது வைத்திருக்கின்றன. 156.8 மெகாஹெர்ட்ஸ், கடலில் அதற்குச் சேனல் 16 என்று பெயர். ஆபத்தென்றால் அதில் கூப்பிடலாம், முதல் அழைப்பையும் அதில் விடலாம். பேச்சு நீண்டால் வேறு சேனலுக்குப் போய்விட வேண்டும். முதலில் கேள், சுருக்கமாகப் பேசு, விலகிக்கொள். அலைக்கற்றையைப் பகிர்ந்துகொள்ள இதைவிட மலிவான ஒழுங்கு கிடையாது.

இதன் பலத்தை ராயபுரத்தில் விளக்க வேண்டியதில்லை. எஞ்சின் நின்றுபோன படகுக்காரர், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே கூப்பிடலாம். கேட்பவர் இன்னொரு லாஞ்சுக்காரராக இருக்கலாம், கடலோரக் காவல்படையாக இருக்கலாம். செல்போன் வலைப்பின்னலில் எண் தெரிந்தவரைத்தான் அழைக்க முடியும்.

ஆனால் நன்னடத்தையை மட்டும் நம்பிய பகிர்வு எளியவரைக் காப்பதில்லை. சேனல் 16 பண்பலை முறையில் இயங்குவதால், இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுத்த குரல் கேட்கும், மற்றது அமுங்கிப்போகும். கப்பலின் கருவி 25 வாட். பைபர் படகில் இருக்கும் கைக்கருவி ஏறத்தாழ 5 வாட், அதுவும் ஆளுயரத்தில். உரிமை சமமாக இருந்தும் குரல் எட்டும் தூரம் சமமில்லை. யாருடைய கருவியிலாவது பேசும் பொத்தான் அழுந்தி மாட்டிக்கொண்டால், அந்த வட்டாரத்துக்கே சேனல் அடைபட்டுப் போகும்.

கப்பல்களின் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் இதைவிட நுட்பமானது. அதற்கு இரண்டே அலைவரிசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் 2,250 துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கிறது. தனக்கான துண்டுகளைக் கப்பலே பிடித்துவைத்துக்கொள்கிறது. நெரிசல் முற்றினால், தொலைவிலுள்ள கப்பலின் துண்டை எடுத்துக்கொள்ளும். மோதல் பயம் பக்கத்தில் இருப்பவரோடுதானே! நடுவர் இல்லாமல் நடக்கும் இந்த ஏற்பாட்டைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாக இருந்தது. ஆனால் இங்கேயும் சிறியவர் பின்தங்குகிறார். சிறு படகுகளுக்கான மலிவு வகைக் கருவி எதையும் பிடித்துவைக்க முடியாது. துண்டு காலியா என்று கேட்டுப் பார்த்து, காலியென்றால்தான் 2 வாட்டில் பேசும். 12.5 வாட் கருவிகள் நிறைந்த கப்பல் பாதையில், பெரிய கப்பலின் கண்ணில் பட்டே ஆகவேண்டிய படகுதான் காத்துக் கிடக்கிறது.

கரையில் கதை வேறு. வானலைகள் பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015 செப்டம்பரில் வந்த அலைக்கற்றைப் பகிர்வு நெறிமுறையோ, ஒரே தொலைத்தொடர்பு வட்டத்தில் ஒரே அலைவரிசைப் பட்டையில் ஏற்கெனவே கற்றை வைத்திருக்கும் இரு செல்போன் நிறுவனங்கள் தமக்குள் சேர்த்துக்கொள்ள மட்டும் வழிவிட்டது. கோடிகள் கொட்டி ஏலம் எடுத்தவருக்கு இடையூறு வரக்கூடாது என்ற நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கற்றையே இல்லாதவருக்கு அங்கே வாசல் இல்லை. தமிழ்நாடு வட்டத்துக்கு வாங்கிய கற்றை எண்ணூர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே கையில் இருக்கிறது, பயன்படாத மூலைகளும் சேர்த்து. ஜெர்மனியில் ஒரு துறைமுகமோ தொழிற்சாலையோ தன் வளாகத்துக்கு மட்டும் கற்றை கேட்டு வாங்கலாம். அதற்கென்றே 3,700 முதல் 3,800 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கியிருக்கிறார்கள். நம் 2023 தொலைத்தொடர்புச் சட்டம் பகிர்வுக்கும் குத்தகைக்கும் இடம் தருகிறது. அது யாருக்குப் பயன்படும் என்பது விதிகளின் கையில்.

அமெரிக்கா 2015இல் 3,550 முதல் 3,700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை மூன்று படிகளாக்கியது. கடற்படை ரேடார் முதலில், முன்னுரிமைக்கு ஏலம் எடுத்தவர் அடுத்து, எஞ்சிய இடமும் நேரமும் மற்றவர்களுக்கு. ரேடார் அலையைக் கரையோர உணரிகள் கண்டதும் கணினி மற்றவர்களை நகர்த்திவிடும். செலவும் சிக்கலும் அதிகம்தான். ஆனாலும் கேட்டுவிட்டுப் பேசும் கடல் பழக்கத்துக்குக் காவல் போட்டதுபோல் இருக்கிறது.

இங்கே அப்படியொரு முறை வருமானால் முதற்படி உயிருக்காகக் கூப்பிடுபவருக்கே. ஏலம் எடுத்தவருக்கு, அவர் உண்மையில் பயன்படுத்தும் இடத்தில் மட்டும் இரண்டாம் படி. மிச்சத்தைப் பதிவு செய்துகொண்ட எவரும் எடுத்துக்கொள்ளட்டும். யார் எத்தனை வாட்டில் பேசலாம் என்பதை விதியிலேயே எழுதாத எந்தப் பகிர்வையும் 5 வாட் கருவியோடு கடலுக்குப் போகிறவரிடம் நீதி என்று சொல்ல எனக்கு மனம் வராது.