திதி சொல்லும் தாள்கள்

உள்ளங்கைக்குள் அடங்கும் அட்டை அது. ஒரு பக்கம் வியாகுல மாதாவின் வண்ணப்படம். மறுபக்கம் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு பெயர், பிறந்த நாள், மரித்த நாள், கீழே நான்கு வரிச் செபம். மலாக்கா நகரத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் பழைய செபப்புத்தகங்களில் இத்தகைய அட்டைகள் பக்க அடையாளமாகவே தங்கியிருக்கும். 1849இல் பிரெஞ்சுக் குரு ஃபாவ்ரே கட்டத் தொடங்கிய புனித சவேரியார் ஆலயத்தின் நிழலில் வளர்ந்த வீடுகளில் பிறப்பும் திருமுழுக்கும் புதுநன்மையும் இறப்பும் தாளில் அச்சாகித்தான் நினைவாயின.

இந்த அட்டையில் இரண்டு அச்சுகள் சந்திக்கின்றன. படம் ஐரோப்பாவின் கல்லச்சுக் கூடங்களில் பல வண்ணங்களில் அச்சாகி, பின்பக்கம் வெறுமையாகக் கப்பலேறும். அந்த வெறுமையில் உள்ளூர் அச்சகம் ஈய எழுத்துகளைக் கோத்து ஒருவரின் பெயரைப் பதிக்கும். விரலால் தடவினால் எழுத்துகள் தாளில் அழுந்திய தடம் தெரியும். படம் ஆயிரம் வீடுகளுக்குப் பொதுவானது. பின்பக்கம் ஒரே ஒரு வீட்டுக்கானது. இந்தச் சேர்க்கையின் அழகை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இறந்தவருக்காக மன்றாடக் கேட்கும் சிறு அச்சுத் தாள்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆம்ஸ்டர்டாம் கத்தோலிக்கரிடம் இருந்தவை. பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியர்கள் 1780களிலிருந்து பிறப்பையும் திருமுழுக்கையும் அறிவிக்கும் பெரிய தாள்களை அச்சிட்டார்கள். தேவதைகளும் பறவைகளும் பூக்களும் சூழ, நடுவில் பெயருக்கும் நாளுக்கும் இடம் விட்டிருப்பார்கள். அழகாக எழுதத் தெரிந்த ஒருவர் ஊர் ஊராகப் போய் மையால் அந்த இடங்களை நிரப்புவார். நம் பங்குகளின் ஞானஸ்நானச் சான்றிதழ்களும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். அச்சடித்த படிவத்தில் குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானத்தகப்பன், ஞானத்தாய் எல்லாம் குருவானவரின் சாய்ந்த கையெழுத்தில் நிற்கும். சவரிமுத்துவும் ஞானப்பிரகாசமும் ரோமன் எழுத்துக்குள் நுழைவதற்குப் பட்ட பாட்டை அங்கே காணலாம்.

ஆண்டு போடாத செப அட்டையின் வயதைச் சொல்ல ஒரு வழி உண்டு. செபத்தின் அடியில் ‘300 நாள் பலன்’ என்பதுபோல நாள் கணக்கு இருந்தால் அது பெரும்பாலும் 1967க்கு முந்தியது. அந்த ஆண்டில்தான் திருத்தந்தை ஆறாம் பவுல், பாவத் தண்டனைக் குறைப்பான இந்தப் பலன்களை நாள் கணக்கில் குறிக்கும் வழக்கத்தை நீக்கினார். எழுத்துருவும் உதவும். ‘லை’, ‘னை’ போன்றவற்றில் மேலே தும்பிக்கை வளைந்திருந்தால் சீர்திருத்தத்துக்கு முந்திய ஈயம். தமிழ்நாடு அரசு அந்தச் சீர்திருத்தத்தை 1978இல் ஏற்றது. மலேசிய அச்சகங்கள் பிறகு மாறின. பழைய எழுத்தைத் தூக்கியெறிய மனம் வராத சிறிய அச்சகங்கள் அதன் பின்பும் சில காலம் அதையே பயன்படுத்தியிருக்கும். ஆகவே தும்பிக்கையை மட்டும் நம்பி ஆண்டைத் தீர்மானிக்க வேண்டாம்.

இந்து வீடுகளின் கதை வேறு. கருமக்கிரியை அழைப்பை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்பது பெரியவர்கள் வகுத்த வழக்கம். படித்ததும் கிழித்துவிடுவார்கள். காதணி விழாப் பத்திரிகையின் மூலையில் மஞ்சள் தடவுவார்கள். கருமக்கிரியை அழைப்புக்குக் கறுப்பு ஓரம்தான். அதனாலேயே தோட்டங்களில் தப்பிப் பிழைத்த கருமாதிப் பத்திரிகை கையில் கிடைத்தால் நான் நிதானமாக உட்கார்ந்து வாசிப்பேன். ‘சிவபதம் அடைந்தார்’ என்றால் ஒரு குடும்பம். ‘வைகுந்த பதவி’ என்றால் இன்னொன்று. ‘இயற்கை எய்தினார்’ என்றிருந்தால் அந்த வீட்டுக்குள் சுயமரியாதை இயக்கம் நுழைந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். அச்சுக் கோப்பவரிடம் எல்லா வாசகமும் தயாராக இருக்கும். எது வேண்டும் என்று சொல்வது குடும்பத்தின் பொறுப்பு.

அதைவிடச் செறிவானது அடியில் வரும் உறவினர் பட்டியல். மனைவி, மகன்கள், மருமகள்கள், மகள்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள் என்று முறை பிசகாமல் இறங்கும். பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் தோட்டமோ ஊரோ இருக்கும்: புக்கிட் லிந்தாங், தெபோங், ஜாசின், அலோர் காஜா. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் அதைப் பெருந்தோட்டமாக விரித்தார். மலாயாவின் வணிக ரப்பர் இந்த மலாக்கா மண்ணில் தொடங்கியது. அந்த ரப்பர் மர வரிசைகளில் பால் வெட்டிய குடும்பங்கள் எங்கெங்கே பெண் கொடுத்தன, எங்கே பெண் எடுத்தன என்பதை நிர்வாகத்தின் கணக்குப் புத்தகம் சொல்லாது; இந்தப் பட்டியல் சொல்லும். 1950களிலும் 60களிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பின்னர் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. லயங்கள் போன பிறகும் இந்த அடைப்புக்குறிகளில் தோட்டங்களின் பெயர்கள் இருக்கின்றன.

படம் அச்சான அட்டைகள் பின்னாளில் வந்தவை. 1948இல் அவசரகாலத்தோடு அடையாள அட்டை வந்தபோதுதான் பல தோட்டத் தொழிலாளர்கள் முதன்முறையாகப் புகைப்படக் கருவியின் முன் நின்றார்கள். நேராகப் பார்க்கும் அந்த விறைத்த முகத்தையே பிறகு பெரிதாக்கிப் பிளாக் எடுத்து அச்சிட்டார்கள். புள்ளி புள்ளியாகச் சிதறிய படத்திலும் அந்தக் கண்கள் நம்மை விடுவதில்லை.

ஆனால் இந்தக் குடும்ப அச்சுகளிலேயே மிக நுட்பமானது எது என்று கேட்டால், யாழ்ப்பாணத்தவரின் கல்வெட்டைத்தான் சொல்வேன். எழுத்தராகவும் நில அளவையாளராகவும் ரயில்வே ஊழியராகவும் மலாயாவுக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழர்கள் கொண்டுவந்த மரபு அது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் படித்து, வந்தவர்களுக்குக் கையில் கொடுக்கும் சிறு நூல். விநாயகர் துதியில் தொடங்கி, ஊரும் குலமும் கல்வியும் உத்தியோகமும் மணமும் மக்களும் செய்யுளில் வரும். பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என ஒவ்வொருவர் குரலிலும் தனித்தனிப் பாட்டு. கடைசியில் தேற்றம். கூடவே தேவாரமும் திருவாசகமும். ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியவரின் கல்வெட்டில் மலாயாவும் ஒரு செய்யுளாகிவிடும்.

அதன் உயிர் திதி வெண்பாவில் இருக்கிறது. ஆண்டு, மாதம், வளர்பிறையா தேய்பிறையா, எந்தத் திதி, யார் மறைந்தார் என்பதையெல்லாம் நான்கே அடிகளில், தளை தட்டாமல் சொல்ல வேண்டும். ‘கார்த்திகை மாதத்து அபரபக்கச் சதுர்த்தசி’ என்பதை வெண்டளைக்குள் வளைத்துப் பாருங்கள், சிரமம் புரியும். உள்ளூர்ப் புலவர் ஒருவர் இரண்டொரு நாளில் அதைச் செய்து கொடுப்பார். அழகுக்காக மட்டும் எழுதியதல்ல இது. அடுத்த ஆண்டு சிரார்த்தம் எந்த நாளில் என்று பேரன் பார்த்துக்கொள்ள வேண்டும். எளிதில் மனப்பாடம் ஆக வேண்டும் என்றுதான் வெண்பா. கத்தோலிக்க அட்டை செபம் கேட்கிறது, கருமாதிப் பத்திரிகை உறவைக் கூட்டுகிறது, கல்வெட்டு திதியைக் காக்கிறது. மூன்றுக்கும் செய்து முடிக்க ஒரு வேலை இருந்தது. அவற்றின் அழகு அந்த வேலையைச் செம்மையாகச் செய்ததில் வந்தது என்றே நான் நினைக்கிறேன். ஈழத்து நினைவு மலர்கள் பலவற்றை நூலகம் நிறுவனம் மின்வடிவில் சேர்த்துவைத்திருப்பதால் இந்த மரபை இன்று யாரும் வாசிக்கலாம்.

திதியே கிடைக்காத சாவுகளும் உண்டு. ஜப்பானியர் ஆட்சியில் தம்பின்–மலாக்கா ரயில் பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாம்–பர்மா பாதைக்குப் போயின. தோட்டங்களிலிருந்து ஆட்களும் அதே பாதைக்குப் போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவர்களின் நாளை யாரும் குறித்துவைக்கவில்லை. அந்த வீடுகளில் வெண்பாவுக்கு வழியில்லை. கறுப்பு ஓரத்துக்குள் அச்சிட நாளும் இல்லை. திதி தெரியாதவர்களுக்கும் உரிய நாளான மகாளய அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் விட்டார்கள்.

1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019 ஜனவரியோடு நின்றது. நாளிதழ்களின் நினைவஞ்சலிக் கட்டங்கள்தான் நீண்ட காலம் இந்த அட்டைகளின் பொது வடிவமாக இருந்தன. ‘மலர்வு’, ‘உதிர்வு’ என்ற இரண்டு தலைப்புகள் அங்கிருந்து இப்போது கைப்பேசிப் படங்களுக்கு வந்திருக்கின்றன. பின்னணியில் மேகமும் புறாவும் தாராளம். ஆங்கிலத் தேதி தெளிவாக இருக்கிறது. திதி பெரும்பாலும் இல்லை. உறவினர் பெயர்களும் ‘குடும்பத்தினர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் சுருங்கிவிடுகின்றன. இத்தகைய படத்தை வடிவமைக்கும் பிள்ளைகளிடம் நான் கேட்பது, மேகத்தைக் கொஞ்சம் குறைத்து மூன்று வரிக்கு இடம் விடுங்கள் என்பதுதான். ஒன்றில் திதி, ஒன்றில் பிள்ளைகளின் பெயர்கள், இன்னொன்றில் அவர் பால் வெட்டிய தோட்டம்.