மாயக்காரி கதையை எப்படி ரசிப்பது?

போன மாதம் பதுளை பஸ் ஸ்டாண்டில் ஒரு பழைய நண்பரைக் கண்டேன். ஆசிரியர், மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் கதைகளை ஒன்றுவிடாமல் வாசித்தவர். என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். பின்னட்டையில் இளவரசி, கோயில், மந்திரத் தண்ணீர் என்று கண்டதும், சின்னப் பிள்ளையிடம் பறித்த விளையாட்டுச் சாமானைப்போல் அதைத் திருப்பித் தந்தார். "இந்த வயசிலயும் மாயாஜாலமா சேர்?"

பஸ் வந்துவிட்டது. பதில் சொல்ல நேரமில்லை. இதுதான் அந்தப் பதில். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதே மனிதர் மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து நடந்தால் விடியும்வரை இடத்தைவிட்டு எழும்ப மாட்டார். சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்கிறார், மன்மதன் எரிகிறான், ரதி புலம்புகிறாள், நம்ம ஆள் சால்வையால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறார். நெற்றியில் மூன்றாவது கண் இருப்பது அப்போது அவருக்கு மாயாஜாலமாகத் தெரியவில்லை. தப்புச் சத்தத்தோடு வந்தால் கலை, அச்சில் வந்தால் பிள்ளை விளையாட்டா?

சரி, அடிப்படைகள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஆங்கிலத்தில் ஒரு அலை அடிக்கிறது. இந்திய, இலங்கைப் புராண மண்ணில், மந்திரம் தெரிந்த பெண்ணை நடுவில் வைத்து எழுதப்படும் நாவல்கள். பிரித்தானியாவில் வாழும் தாஷா சூரியின் 'த ஜாஸ்மின் த்ரோன்' 2021இல் வந்து, அடுத்த வருஷம் உலக ஃபேன்டஸி விருதை வாங்கியது. வைஷ்ணவி படேலின் 'கைகேயி' 2022. நம் நாட்டு வஜ்ர சந்திரசேகரவின் 'த செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' 2023இல் வந்து நெபுலா விருது பெற்றது. அதில் நாயகன் ஆண்தான். ஆனால் குழந்தை பிறந்த கணமே அதன் நிழலைப் பித்தளை ஆணியால் நிலத்தோடு அறைந்து பிய்த்தெடுக்கும் அந்தத் தாயை மறக்க முடியாது. தமிழில் ஜெயமோகனின் 'கொற்றவை' 2005லேயே கண்ணகியை எடுத்துக்கொண்டது. இந்த நாவல்களில் ஊர்ப்பெயர், ஆள்பெயர் குழம்பினால் குழம்பட்டும். முதல் ஐம்பது பக்கம் எல்லாருக்கும் குழம்பும். வரைபடம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். மூன்று பாகம் என்று பயப்பட வேண்டாம், முதல் பாகம் பிடிக்காவிட்டால் மற்றதை யாரும் உங்கள் தலையில் கட்டப்போவதில்லை. அடிப்படை இவ்வளவுதான்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

மந்திரம் தெரிந்த பெண்கள் இரண்டு வகை. வரக்காரி, நோன்புக்காரி. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் நூறு நாவல் வாசித்தாலும் பிரயோசனமில்லை, தெரிந்துவிட்டால் ஒரே நாவல் போதும். வரக்காரிக்குச் சக்தி சும்மா வந்தது. பிறக்கும்போதே தோளில் மச்சம், கனவில் அசரீரி, பதினாறு வயதில் விரல் நுனியில் நெருப்பு. நோன்புக்காரி எதையோ கொடுத்து அதை வாங்கினவள். உடம்பை, உறவை, உறக்கத்தை, சில சமயம் பெயரையே கொடுத்தவள். நாவலைத் திறந்ததும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவள் இதற்கு எதைக் கொடுத்தாள்?

இந்தக் கேள்வியை நான் எந்தப் பேராசிரியரிடமும் கற்கவில்லை. பணிய லயத்துக் கடைசிக் காம்பிராவில் அப்பாயி சொல்லிக் கேட்டது. கதையில் யாராவது வானத்தில் பறந்தாலே அப்பாயி வெற்றிலையை ஒருபக்கக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "சும்மாவா பறந்தா?" என்பார். அர்ச்சுனன் தபசு கூத்தைப் பாருங்கள். பாசுபதம் வேண்டுமென்றால் அவன் தபசு மரத்தில் ஏற வேண்டும். ஒவ்வொரு படியாகப் பாடிப் பாடி ஏற வேண்டும், கூட்டம் கீழே குளிரில் நடுங்கிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும். மரத்தடியிலேயே நிற்கிறவனுக்கு எந்தச் சாமியும் அம்பு கொடுப்பதில்லை.

பொன்னர் சங்கர் கூத்தில் அவர்களின் தங்கை தங்காளை எடுங்கள். படுகளத்தில் அண்ணன்மார் விழுந்து கிடக்கிறார்கள். அவள் தேடிப்போய், தெய்வத்திடம் வாங்கி வந்த தண்ணீரைத் தெளித்து எழுப்புகிறாள். எழும்புகிறார்கள். பேசுகிறார்கள். பிறகு? மறுபடியும் படுத்துவிடுகிறார்கள். இறந்தவரை எழுப்பும் சக்தி அவளிடம் இருக்கிறது, வைத்துக்கொள்ளும் சக்தி இல்லை. ரதிக்கும் இதுதான் கதி. அழுது அழுது புருஷனை மீட்கிறாள். ஆனால் அவன் அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். ஊருக்கு அவள் விதவை, அவளுக்கு அவள் சுமங்கலி. வரத்துக்குள்ளேயே விலையை மடித்து வைப்பதை இதைவிட அழகாக எந்த ஆங்கில நாவல் செய்திருக்கிறது? எனக்குத் தெரிந்து ஒன்றுமில்லை.

ஒரு தரம் ரதி வேஷக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போது ரதி வேஷம் ஆண்தான் கட்டுவார். அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். மணிக்கட்டு நிறையக் கண்ணாடி வளையல், வளையலுக்குக் கீழே தேயிலைக் கறை ஏறிக் கறுத்த கை, பெருவிரலில் கத்தி பட்ட பழைய தழும்பு. விரதத்தில் இருந்தார். அன்று மச்சம் மாமிசம் இல்லை, ஒரு பிளேன்டீ மட்டும். புலம்பல் தொடங்கியதும் அந்தக் கை நடுங்கியது. வேஷத்துக்கு நடுங்கியதா, பசிக்கு நடுங்கியதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. விடிந்ததும் அரிதாரத்தைத் துடைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போனார். கன்னத்து ஓரத்தில் கொஞ்சம் ரோஸ் பவுடர் மிச்சமிருந்தது. நோன்புக்காரி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் கைதான்.

இப்போது 'த ஜாஸ்மின் த்ரோன்' திறவுங்கள். பிரியா ஒரு வீட்டு வேலைக்காரி. தோட்டத்துப் பிள்ளைகளைக் கொழும்பு வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பிய கதை தெரிந்த நமக்கு இதற்கு மேல் அறிமுகம் வேண்டுமா? வீடு கூட்டுகிறவள், வாளி தூக்குகிறவள். அவள் ஒரு காலத்தில் கோயில் பிள்ளையாக இருந்தவள் என்பதும், அந்தக் கோயிலின் சாவாத நீருக்குள் இறங்கியவள் என்பதும் மெல்ல மெல்ல வருகிறது. அந்த நீரில் மூன்று தரம் இறங்கி எழ வேண்டும். ஒவ்வொரு தரமும் சிலர் எழும்புவதில்லை. இதே நாவலில் வேறு சிலர் அந்தத் தண்ணீரைச் சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்துக் குடிக்கிறார்கள். உடனே பலம் வருகிறது, குடிப்பதை நிறுத்தினால் உடம்பு அழிகிறது. குளத்தில் இறங்குவது நோன்பு, குப்பியில் குடிப்பது குறுக்கு வழி. என் வித்தியாசத்தைத் தாஷா சூரி என்னிடம் கேட்காமலே எழுதி வைத்திருக்கிறார்!

'கைகேயி'யில் விலை வேறு மாதிரி. சிறுமியாக இருக்கும்போதே அவளுக்கு மனிதர்களுக்கிடையே ஓடும் நூல்கள் தெரியத் தொடங்குகின்றன. தன் நூலை மெல்ல இழுத்தால் எதிரே நிற்பவரின் மனம் சாயும். கொஞ்சம் பலமாக இழுத்தால் நூல் அறும், உறவும் அதோடு போகும். இது வரமா நோன்பா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் என் வகைப்பாடு இங்கே கொஞ்சம் ஆடுகிறது. சக்தி வந்தது பெரிதாக எதையும் கொடுக்காமல்தான், ஆனால் ஒவ்வொரு தரம் பாவிக்கும்போதும் ஏதோ ஒன்று போகக்கூடும். தவணை முறையில் கட்டும் நோன்பு என்று வைத்துக்கொள்வோம்.

நூல் என்றதும் யக்கினி குவேனி ஞாபகம் வருகிறாள். மகாவம்சத்தில் விஜயனின் ஆட்கள் முதலில் அவளைக் காணும்போது அவள் ஒரு தவசிப் பெண்ணின் தோற்றத்தில் மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். இலங்கைக் கதைகளில் முதல் மாயக்காரி அவள்தான் என்பேன். தன் இனத்தையே காட்டிக்கொடுத்து அவனுக்கு நாட்டை வாங்கித் தந்தாள், அவன் வேறு பெண்ணுக்காக அவளை விரட்டினான். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் தப்பி ஓடி மலய நாட்டில், அதாவது இந்த மலைகளில்தான், குடியிருந்தார்கள் என்று அதே நூல் சொல்கிறது. நமுனுகுல மலையை மேகம் மூடும் பின்னேரங்களில் நான் இதை நினைத்துக்கொள்வதுண்டு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அல்லி அரசாணியை இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பெண்களே ஆளும் நாடு, பூவில் கண்டெடுத்த ராணி, நம் நாட்டில் அரிப்புக் கடற்கரையில் ஆங்கில ஆளுநர் கட்டிய மாளிகைக்குக்கூட அல்லிராணிக் கோட்டை என்று பேர். எல்லாம் சரி. ஆனால் அந்தக் கதையில் மந்திரம் முழுக்கக் கண்ணன் கையில் இருக்கிறது. அர்ச்சுனனைப் பாம்பாக்கி அனுப்பி அவளை ஏமாற்றத்தான் அது பயன்படுகிறது. அல்லி மாயக்காரி அல்ல, மாயத்தில் மாட்டினவள். இதையே புரட்சிக் கதை என்று மேடையில் பேசுகிறவர்கள் முடிவை மறுபடி வாசிக்கட்டும்.

ஆழமில்லாதது எது என்றும் சொல்லிவிடுகிறேன். கதாநாயகி கையில் கத்தி, காலில் பூட்ஸ், வாயில் வெடுக்கென்ற பதில், உடனே "வலிமையான பெண்" என்று விளம்பரம். கத்தி பிடித்தால் வலிமையா? நம் கவ்வாத்து ஆட்கள் எல்லாரும் அப்போது மகாராஜாக்கள். அடுத்தது, முத்தம் கொடுக்கும் அத்தியாயத்துக்குச் சரியாக நெருப்புச் சக்தி விழித்துக்கொள்ளும் காதல் ஃபேன்டஸிகள். கடை அலமாரி நிறைய அதுதான் இருக்கிறது. வாசியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை, ரயிலில் ஹப்புத்தளை வருவதற்குள் முடிந்துவிடும். ஹப்புத்தளை தாண்டியதும் மறந்தும்விடும்.

விமர்சகர்கள் ஒரு பக்கம். பேய் வந்தால் ஒடுக்குமுறையின் குறியீடு, கோயில் எரிந்தால் வரலாற்றின் படிமம். ஐயா, சில சமயம் பேய் பேய்தான். அதற்கு முதலில் பயப்படுங்கள், பிறகு குறியீட்டைத் தேடலாம். மலையகத்தானுக்கு யதார்த்தம்தான் எழுத்து என்று சொல்பவர்கள் இன்னொரு பக்கம். 1948இல் குடியுரிமை பறிபோன சனத்துக்கு லயத்தையும் பட்டினியையும் உள்ளபடி எழுதுவது அவசியமாக இருந்தது. அதை மறுக்க நான் யார்? ஆனால் அதே சனம் இரவில் போட்ட, நான் மேலே சொன்ன கூத்து மூன்றும் தெய்வங்களும் மந்திரமும் நிறைந்தவை. பகலில் யதார்த்தம், இரவில் மாயம், இரண்டும் ஒரே லயத்தில் ஒரே ஆட்களிடம் இருந்தன. ஒரு வேடிக்கை: புராணமும் மாயமும் கலந்த ஒரு பெரிய நாவலின் பேரில் உள்ள விஷ்ணுபுரம் விருதை 2013இல் வாங்கியவர் நம்ம தெளிவத்தை ஜோசப். பதுளைத் தோட்டங்களை உள்ளது உள்ளபடி எழுதிய மனிதர். அந்த விருதுக்காரர்களுக்கு இரண்டும் ஒரே இலக்கியமாகத் தெரிந்தது, பஸ் ஸ்டாண்டில் நின்ற என் நண்பருக்குத் தெரியவில்லை.

ஒன்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்கும் ஆங்கிலம் வேகமாக ஓடாது. 'த ஜாஸ்மின் த்ரோன்' முதல் தரம் முடிக்க இரண்டு மாதம் பிடித்தது. பல சொற்களுக்கு அகராதி பார்த்தேன், பலவற்றைப் பார்க்காமலே தாண்டினேன். பிரியா தண்ணீருக்குள் இறங்கும் இடம் வந்தபோது அகராதி தேவைப்படவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன், அவள் எழும்பியபிறகுதான் நானும் மூச்சு விட்டேன். லைட்டை அணைக்கச் சொல்லி வீட்டில் இரண்டு தரம் சத்தம் வந்தது.

முதல் புத்தகமாக அதையே எடுங்கள். கொழும்பிலிருந்து வருகிற யாரிடமாவது சொல்லி வைத்தால் வாங்கி வருவார்கள். எங்கே வாசிப்பது என்று கேட்டால், வெலிமடையிலிருந்து நுவரெலியா போகும் வழியில் திவுரும்பொல விகாரை இருக்கிறது. சீதை தீயில் இறங்கிச் சத்தியம் செய்த இடம் என்று சொல்கிறார்கள். ஊரின் பேருக்கே சத்தியம் செய்த இடம் என்றுதான் சிங்களத்தில் அர்த்தம். கண்டக்டரிடம் சொன்னால் இறக்கிவிடுவார். என் நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.