தமிழ்ச் சித்திரக்கதை இதழ்களில் பெயரிடலும் புது வாசகரும்

சித்திரக்கதை வெளியீட்டாளர்கள் விற்பனையைப் பெருக்கக் கையாளும் வழிகளாக விலை, வண்ணம், சிறப்பிதழ், முன்பதிவு ஆகியன பொதுவாகச் சுட்டப்பெறும். பெயரிடலும் அத்தகையதொரு வழியே. ஓர் இதழ் எவரை நோக்கிப் பேசுகிறது என்பதை அதன் பெயரே முதலில் புலப்படுத்துகிறது.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டது. ‘ஸ்டீல் கிளா’ என்னும் ஆங்கில மூலப்பெயர் எஃகுக் கையை மட்டுமே குறிக்கும். தமிழ்ப்பெயரோ, மின்சாரம் பாய்ந்ததும் உருமறையும் நாயகனின் ஆற்றலையும் ‘மாயாவி’ என்னும் சொல்லால் உணர்த்துகிறது. கதை கேட்டு வளர்ந்த சிறுவர்க்கு அச்சொல் புதிதன்று. முன்கதை அறியாதவரும் பெயரைக் கொண்டே கதையின் இயல்பை உய்த்துணரலாம். 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸ் பின்னாளில், உருமறையும் ஆற்றலற்ற ‘ஃபேண்டம்’ என்னும் நாயகனுக்கும் மாயாவி என்றே பெயரிட்டமை அச்சொல்லின் ஈர்ப்புக்குச் சான்றாகும்.

இதனோடு பிற்காலப் பெயர்களை ஒப்பிடலாம். லயன் காமிக்ஸ் 2012இல் ‘கம்பேக் ஸ்பெஷல்’ என்னும் இதழையும், முத்து காமிக்ஸ் 2013இல் 400 ரூபாய் விலையில் ‘நெவர் பிஃபோர் ஸ்பெஷல்’ என்னும் தொகுப்பையும் வெளியிட்டன. ‘கம்பேக்’ என்பது முன்பு இருந்ததையும் இடையில் நின்றதையும் கேட்போர் அறிவர் எனக் கொள்கிறது. ‘நெவர் பிஃபோர்’ முந்தைய இதழ்களோடு ஒப்பிடச் சொல்கிறது. இரண்டும் கதையைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. இவை முற்கோள் உடைய பெயர்கள். பழைய வாசகரை அழைப்பவை.

இதனைக் குறையென்று மட்டும் கொள்வது பொருந்தாது. குறைந்த படிகளே அச்சிடும் பதிப்பகத்திற்குச் சந்தாவும் முன்பதிவும் முதலீட்டிற்குக் காப்பாகின்றன. நல்ல தாளில் வண்ணத்தில் ஐரோப்பியக் கதைகள் தமிழில் வருவதற்குப் பழைய வாசகரின் பற்றே துணைநின்றது. எனினும் சிறுவயது நினைவை விலையாக்கும் விற்பனை அத்தலைமுறையோடு முடிவுறும்.

சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கோ ஆங்கிலமோ பயிலும் சிறுவர் உளர். படமும் குறுந்தொடரும் இணைந்த சித்திரக்கதை அவர்கள் தமிழெழுத்தில் நுழைதற்குரிய எளிய வாயில். அவர்களிடம் முன்னினைவு இல்லை. பேச்சுத் தமிழ் உண்டு. ஒரே இதழில் முடியும் கதையும், சிறுவர் வாங்கத்தக்க விலையும், கதையைத் தானே அறிவிக்கும் தமிழ்ப்பெயரும் அமையுமாயின் அவ்வாயில் திறக்கும். 1972இல் முத்து காமிக்ஸ் கண்ட வழி அதுவே.